18,000 கி.மீ. கடந்தவர் 240 கி.மீ.யில் தொலைந்தார்... எமி ஜான்சனின் கதை!

விமான டிக்கெட் புக் பண்ணும்போது முதல்ல எதைப் பார்ப்பீங்க? விலையை. அடுத்து? எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதை. சென்னை - பெங்களூரு என்றால் ஒரு மணி நேரம். சென்னை - லண்டன் என்றால் பத்து, பதினோரு மணி நேரம். அந்த எண்ணை நம்பித்தான் ஏர்போர்ட்டுக்கு யார் அழைக்க வரணும், சாப்பாடு வீட்டிலா வழியிலா என்பதெல்லாம் முடிவாகும். அரை மணி நேரம் லேட் என்று போர்டில் வந்துவிட்டால் போதும், கவுன்டரில் போய் நின்று சண்டை போடவும் ஆள் இருக்கும்.

அந்த எண் எங்கிருந்து வருது என்று எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். பள்ளிக்கூடக் கணக்கு. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஓரளவு சரியா வரும். வானத்தில் மட்டும் அந்தக் கணக்கு அடிக்கடி கைவிடும். காற்று எந்தப் பக்கம் அடிக்குது, கீழே தரை தெரியுதா, டேங்க்கில் எவ்வளவு இருக்கு, இறங்க இடம் இருக்கா... இத்தனையும் சேர்ந்துதான் அந்த ஒரு எண்ணைத் தீர்மானிக்கும்.

இதைத் தன் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்துக் காட்டிய பெண் ஒருவர் இருந்தார். பெயர் எமி ஜான்சன். நம்ம ஊர் சினிமாவில் நடித்த எமி ஜாக்சன் இல்லைங்க, இவர் நூறு வருஷத்துக்கு முந்தையவர். 26 வயதில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, சுமார் 18,000 கி.மீ. தூரத்தைத் தன்னந்தனியாகப் பறந்து கடந்தார். 37 வயதில், சென்னை - பெங்களூருவைவிடக் கொஞ்சம் குறைவான தூரத்தில் இருந்த ஒரு விமானத்தளத்துக்குக் கிளம்பினார். போய்ச் சேரவே இல்லை.

மீன் வியாபாரியின் மகள்

எமி பிறந்தது 1903 ஜூலை 1-ம் தேதி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹல் என்ற துறைமுக ஊரில். அப்பாவுக்கு மீன் வியாபாரம். நான்கு பெண் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். பெண்ணைப் படிக்கவும் வைத்தார்கள். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து 1925-ல் பட்டம் வாங்கினார்.

பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அன்றைக்கு என்ன வேலை கிடைக்கும்? டைப்பிஸ்ட், இல்லைன்னா டீச்சர். எமி லண்டனுக்குப் போய் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராகச் சேர்ந்தார். பல வருஷம் நேசித்த ஒருவர் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1929-ல் அடுத்த தங்கை இறந்துபோனார். மனசு உடைய இத்தனை காரணங்கள் இருந்த அந்த வருஷங்களில்தான் அவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

லண்டனுக்கு வடக்கே ஸ்டாக் லேன் என்ற விமானத்தளம். அங்கே 1928-ல் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறவித் திறமைசாலி என்று யாரும் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துத்தான் கற்றுக்கொண்டார். 1929 ஜூலையில் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை. அலுவலக நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஷெட்டில்தான். கிரீஸும் எண்ணெயும் கையில் ஒட்ட, மெக்கானிக்குகளோடு சேர்ந்து இன்ஜினைப் பிரித்துப் பூட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் விமானப் பராமரிப்புக்கான பொறியாளர் லைசென்ஸையும் வாங்கினார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

இதைக் கொஞ்சம் கவனிச்சு வைச்சுக்கோங்க. வழியில் இன்ஜின் மக்கர் பண்ணினால் யாரையும் எதிர்பார்க்காமல் தானே சரிசெய்ய முடியும். பின்னால் அவர் உயிரைக் காப்பாற்றியது இந்த லைசென்ஸ்தான்.

மேப்பில் ஒரு நேர்க்கோடு

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து இந்தியா வரவே ஒரு வாரம் ஆகும். 1929 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டன் - கராச்சி விமான சேவையைத் தொடங்கியது. அதுவும் முழுக்க விமானம் கிடையாது. ஐரோப்பாவுக்குள் ஒரு பகுதியை ரயிலில் கடந்து, பிறகு வேறு விமானத்தில் ஏறி, ராத்திரியெல்லாம் வழியில் தங்கி, ஏழு நாளில் கராச்சி.

ஆஸ்திரேலியாவுக்கு? 1928-ல் பெர்ட் ஹிங்க்லர் என்ற ஆஸ்திரேலியர் தனியாகப் பறந்து பதினைந்தரை நாளில் போய்ச் சேர்ந்திருந்தார். அதை முறியடிக்கணும் என்பதுதான் எமியின் ஆசை. பணம்? பல இடங்களில் கேட்டார், கிடைக்கவில்லை. கடைசியில் எண்ணெய் நிறுவன அதிபர் லார்டு வேக்ஃபீல்ட் பாதி கொடுத்தார், அப்பா மீதியைக் கொடுத்தார். 600 பவுண்டுக்கு ஒரு பழைய ஜிப்சி மோத் விமானம் வந்தது. அப்பாவின் மீன் வியாபாரத்தின் வணிகப் பெயரான ஜேசன் என்பதையே அதற்கும் வைத்தார்.

அந்த விமானம் எப்படி இருக்கும் தெரியுமா? மரச்சட்டம், துணி போர்த்திய இறக்கைகள், ஒரே ஒரு இன்ஜின், மேலே கூரை கிடையாது. காற்றும் மழையும் நேராக முகத்தில் அடிக்கும். வேகம் மணிக்குச் சுமார் 135 கி.மீ. இன்றைக்கு நம்ம எக்ஸ்பிரஸ் ரயில்களே அந்த வேகத்துக்குப் பக்கத்தில் ஓடுது. ரேடியோ இல்லை. வழியைக் காட்ட ஒரு திசைகாட்டி, கையில் மேப், கீழே தெரியும் ஆறு, ரயில் பாதை, கடற்கரை. அவ்வளவுதான்.

மேப்பில் ஸ்கேலை வைத்து முடிந்தவரை நேராகக் கோடு போட்டார். மலையைச் சுற்றிப் போகிற பாதுகாப்பான பாதை எதற்கு, நேராகப் போனால் நாள் மிச்சமாகுமே என்பது அவர் கணக்கு. இப்ப நாமும் ஒரு கணக்குப் போடுவோம். 18,000 கி.மீ.யை 135-ஆல் வகுத்தால் 133 மணி நேரம். அதாவது நிற்காமல் பறந்தால் ஐந்தரை நாள். காகிதத்தில் இவ்வளவு சுலபம்!

அதுவரை எமி பறந்திருந்த மொத்த நேரம் 85 மணி. தனியாகப் பறந்த அதிகபட்ச தூரம் லண்டனிலிருந்து சொந்த ஊரான ஹல் வரை. கிட்டத்தட்ட 240 கி.மீ. இந்த 240 என்ற எண்ணை ஞாபகம் வைச்சுக்கோங்க. கதையின் கடைசியில் திரும்ப வரும்.

ஆறு நாளில் கராச்சி

1930 மே 5. லண்டனின் கிராய்டன் விமானத்தளம். வழியனுப்ப அப்பாவும் ஒரு சிலரும் மட்டும் வந்திருந்தார்கள். கூடுதல் பெட்ரோலும், மாற்று புரொப்பெல்லரும், கொசுவலையும், ஒரு ரிவால்வரும் ஏற்றிய விமானம் கனம் தாங்காமல் முதல் முயற்சியில் எழும்பவே இல்லை. திருப்பிக்கொண்டு வந்து இரண்டாவது முறை ஓட்டினார். எழும்பியது.

முதல் நாள் வியன்னா. அடுத்த நாள் கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். பகலெல்லாம் பறப்பது. கூடுதல் டேங்க்கிலிருந்து பெட்ரோலைக் கையால் பம்ப் அடித்து ஏற்றணும். அந்த நெடியில் வயிற்றைப் புரட்டும். இறங்கினால் ஓய்வு என்று நினைச்சுடாதீங்க. ராத்திரி உட்கார்ந்து இன்ஜினைத் தானே பார்த்துச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி, விடியும் முன்பே மறுபடி கிளம்பணும்.

மூன்றாவது நாள் துருக்கியின் டாரஸ் மலைத்தொடர். மலைகளுக்கு மேலே ஏறிப் போக அந்தச் சின்ன இன்ஜினுக்கு வலு போதாது. அதனால் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து பறந்தார். திடீரென்று மேகம் சூழ்ந்தது. இரண்டு பக்கமும் பாறை. முன்னால் எதுவும் தெரியவில்லை. எப்படியோ வெளியே வந்து அலெப்போவில் இறங்கினார்.

நான்காவது நாள் பாக்தாத் போகும் வழியில் மணல் புயல். விமானம் ஒரேயடியாகக் கீழே இறங்கியது, பாலைவனத்தில்தான் நின்றது. புயல் விமானத்தை உருட்டிவிடாமல் இருக்கப் பெட்டிகளை எடுத்துச் சக்கரங்களுக்கு அண்டக் கொடுத்தார். இன்ஜினுக்குள் மணல் போகாமல் துணியால் மூடினார். தூரத்தில் நாய்கள் குரைக்கும் சத்தம் கேட்க, கையில் ரிவால்வரோடு விமானத்தின் பக்கத்திலேயே காத்திருந்தார். புயல் அடங்கியதும் கிளம்பி அன்றைக்கே பாக்தாத் சேர்ந்தார். மறுநாள் பாரசீக வளைகுடாவின் பந்தர் அப்பாஸ். மே 10, கராச்சி.

ஆறு நாள்! ஹிங்க்லர் கராச்சிக்கு எடுத்துக்கொண்டதைவிட இரண்டு நாள் குறைவு. அதுவரை கண்டுகொள்ளாத பத்திரிகைகள் அப்போதுதான் விழித்துக்கொண்டன. மறுநாள் உலகம் முழுக்க எமியின் பெயர்.

ஜான்சி, ரங்கூன், டிமோர்

கராச்சியிலிருந்து அலகாபாத், கிட்டத்தட்ட 1,500 கி.மீ. அன்றைய இந்தியாவின் குறுக்கே, மே மாத வெயிலில். இந்த இடத்தில்தான் பள்ளிக்கூடக் கணக்கு காலை வாரியது. வகுத்துப் பார்த்தால் பதினோரு மணி நேரம். இன்ஜின் எப்போதும்போலத்தான் ஓடும், பெட்ரோலையும் எப்போதும்போலக் குடிக்கும். ஆனால் 135-ல் போகிற விமானத்துக்கு எதிரே 40 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் தரையில் கணக்கெடுக்கும்போது வேகம் 95 தான். பதினோரு மணி நேரப் பயணம் பதினாறு மணி நேரத்துக்கு நெருங்கிவிடும். பெட்ரோல் மட்டும் பதினாறு மணி நேரத்துக்கு வராது.

அலகாபாத்துக்குச் சுமார் 300 கி.மீ. முன்னால், ஜான்சியில், பெட்ரோல் தீரும் நிலை. ராணுவ முகாமின் அணிவகுப்பு மைதானம் கண்ணில் பட்டது. இறங்கினார். சிப்பாய்கள் நாலாபக்கமும் சிதறி ஓட, விமானம் மரத்தையும் கம்பத்தையும் உரசிக்கொண்டு பாரக் கட்டடங்களுக்கு நடுவே போய் நின்றது. இறக்கையில் அடி. முகாமில் இருந்தவர்கள் சரிசெய்து கொடுத்தார்கள். அங்கிருந்து அலகாபாத், பிறகு கல்கத்தா.

அதுவரையிலும் ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னால்தான் இருந்தார். ரங்கூனில் எல்லாம் போனது. கொட்டும் பருவமழையில் இறங்கவேண்டிய மைதானம் தெரியவில்லை. ஊருக்கு வெளியே இன்சீன் என்ற இடத்தில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். விமானம் ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இறக்கை கிழிந்தது, புரொப்பெல்லர் உடைந்தது. மைதானம் ஒரு தொழில்நுட்பப் பள்ளிக்குச் சொந்தமானது என்பது அதிர்ஷ்டம். மாணவர்களும் ஆசிரியர்களும் ஓடிவந்தார்கள். இறக்கைக்குத் துணி? முதல் உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அந்த ஊரில் இருந்தன. அவற்றைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப்போட்டார்கள். லண்டனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மாற்று புரொப்பெல்லரும் உதவியது. ஆனாலும் நாட்கள் போயின. ஹிங்க்லரின் சாதனை கைநழுவியது.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? எதற்காகக் கிளம்பினோமோ அதுவே இல்லை என்றான பிறகு, இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது, முன்னால் காடும் கடலும்தான். கப்பல் ஏறித் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எமி கிளம்பினார். பாங்காக், சிங்கோரா, சிங்கப்பூர், ஜாவா. டிமோர் தீவில் இருட்டும் நேரத்தில் விமானத்தளத்தைக் கண்டுபிடிக்க முடியாமல், கறையான் புற்றுகள் நிறைந்த ஒரு வெளியில் இறங்கினார். சேதி சொல்ல வழியில்லை. கடலில் விழுந்திருப்பாரோ என்று அந்த ராத்திரி முழுக்க உலகம் கவலைப்பட்டது. அவரோ கிராமத்து மக்களோடு பத்திரமாக இருந்தார்.

கடைசிக் கட்டம் டிமோர் கடல். சுமார் 800 கி.மீ. தண்ணீர். இன்ஜின் நின்றால் கதை முடிந்தது. 1930 மே 24 பிற்பகல், டார்வின் நகரத்தில் ஜேசன் தரையிறங்கியது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண். ஐந்தரை நாள் என்று சொன்ன காகிதக் கணக்கு பத்தொன்பதரை நாளாக முடிந்தது.

எமியைப் பொறுத்தவரை, ஹிங்க்லரை முந்த முடியாததால் அது தோல்வி. உலகத்துக்கு அப்படித் தெரியவில்லை. அவர் பெயரில் பாட்டு வந்தது, அரசு சிபிஇ விருது கொடுத்தது, ஒரு பத்திரிகை 10,000 பவுண்டு பரிசு தந்தது. ஆகஸ்ட்டில் லண்டன் திரும்பியபோது, கிராய்டனிலிருந்து நகரம் வரை வழியெங்கும் பத்து லட்சம் பேர் நின்றதாகப் பத்திரிகைகள் எழுதின. மூன்று மாதம் முன்பு வழியனுப்ப வந்தவர்களை விரல் விட்டு எண்ணியிருக்கலாம்!

ஊர் ஊராகப் போய்ப் பேசவேண்டும் என்ற ஒப்பந்தம் கூடவே வந்தது. கூட்டம், கைகுலுக்கல், விருந்து. பாலைவனத்தில் தனியாக இருந்தபோது தாக்குப்பிடித்தவருக்கு இது தாங்கவில்லை. உடம்பும் மனசும் தளர்ந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சுருங்கிய மணி நேரங்கள்

அதன் பிறகு எமியின் வாழ்க்கை முழுக்க இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கும் நேரத்தைக் குறைக்கிற ஓட்டம்தான். 1931-ல் ஜாக் ஹம்ஃப்ரீஸோடு சேர்ந்து லண்டனிலிருந்து மாஸ்கோவுக்கு ஒரே நாளில் பறந்தார். அப்படிச் செய்தவர்களில் அவர்களே முதல். அங்கிருந்து டோக்கியோ வரை போனார்கள்.

1932-ல் ஜிம் மோலிசன் என்ற விமானியைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த வருஷமே லண்டன் - கேப் டவுன் பயணத்தை நாலு நாள், ஏழு மணி நேரத்துக்குள் முடித்தார். யாருடைய சாதனையை முறியடித்தார் தெரியுமா? கணவருடையதை! 1933-ல் இருவரும் சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் நோக்கிப் போனார்கள். ஏறத்தாழ 39 மணி நேரம் பறந்த பிறகு, நியூயார்க்குக்குப் பக்கத்திலேயே பிரிட்ஜ்போர்ட்டில் பெட்ரோல் தீர்ந்து விமானம் நொறுங்கியது. இருவருக்கும் காயம்.

1934-ல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு ஒரு பெரிய விமானப் பந்தயம். எமியும் ஜிம்மும் காமெட் என்ற புதிய வேக விமானத்தில் கிளம்பினார்கள். கராச்சிக்குச் சுமார் 22 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்! அதே எமி, அதே கராச்சி. நாலு வருஷம் முன்பு ஆறு நாள். இப்ப ஒரு நாள்கூட இல்லை. தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. அலகாபாத்தில் இன்ஜின் பழுதாகிப் பந்தயத்திலிருந்து விலகவேண்டி வந்தது வேறு கதை.

1936-ல் கேப் டவுன் சாதனையை மறுபடி கைப்பற்றினார். இந்த முறை மூன்று நாள், ஆறு மணி நேரம். அதுதான் அவருடைய கடைசிச் சாதனைப் பயணம். 1938-ல் விவாகரத்து. பெரிய விமான நிறுவனங்கள் தினசரி சேவை நடத்த ஆரம்பித்துவிட்ட காலம் அது. சாகச விமானிகளுக்கு வேலை குறைந்தது. பத்து லட்சம் பேர் வரவேற்ற பெண், வருமானத்துக்கு வழி தேடும் நிலைக்கு வந்தார்.

கடைசி 240 கிலோமீட்டர்

இரண்டாம் உலகப்போர் வந்தது. தொழிற்சாலையிலும் பராமரிப்பு நிலையத்திலும் இருக்கும் போர் விமானங்களை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி என்ற அமைப்பு இருந்தது. பெண்களையும் விமானிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1940-ல் எமி அதில் சேர்ந்தார். கேமரா இல்லை, கைதட்டல் இல்லை. வண்டியை எடுத்தோமா, கொண்டுபோய் விட்டோமா என்கிற டிரைவர் வேலை. அதைக் குறைவாக நினைக்கவில்லை. நாட்டுக்குப் பயன்படுகிறோம் என்ற திருப்தி இருந்தது.

1941 ஜனவரி முதல் வாரம். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் தளத்திலிருந்து ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ரக விமானத்தை, ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கிட்லிங்டன் தளத்துக்குக் கொண்டுபோகணும். வழியில் பிளாக்பூலில் இறங்கி, அங்கே வசித்த தங்கை வீட்டில் ராத்திரி தங்கினார்.

ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. கடும் குளிர், மூடுபனி. அந்த அமைப்பில் பறப்பதா வேண்டாமா என்ற முடிவு விமானியின் கையில்தான். நாளைக்குப் போகலாம் என்றிருந்தால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. ஆனால் பிளாக்பூல் - கிட்லிங்டன் நேர்தூரம் எவ்வளவு? ஏறத்தாழ 240 கி.மீ. முதன்முதலில் லண்டனிலிருந்து சொந்த ஊருக்குப் பறந்த அதே அளவு தூரம். இரண்டு இன்ஜின் விமானம், மூடிய காக்பிட். ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம். டிமோர் கடலைத் தாண்டியவருக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

காலை 11.45 மணி வாக்கில் கிளம்பினார். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. கிட்லிங்டனுக்கு விமானம் வரவில்லை.

பிற்பகல் மூன்றரை மணி அளவில், தேம்ஸ் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், ஹெர்ன் பே ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்த கப்பல்களில் இருந்தவர்கள் மேகத்திலிருந்து ஒரு பாராசூட் இறங்குவதைப் பார்த்தார்கள். விமானமும் பக்கத்தில் விழுந்தது. கிட்லிங்டனிலிருந்து அந்த இடம் 160 கி.மீ.க்கும் மேல் தள்ளி, கிழக்கே. ஹேசில்மியர் என்ற கப்பல் திரும்பி வந்தது. கயிறு வீசினார்கள். உறையும் குளிரில் அவரால் பிடிக்க முடியவில்லை. அலைகளுக்கு நடுவே அவர் மறைந்தார். கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர் தண்ணீரில் குதித்தார். குளிர் அவரையும் விடவில்லை. அவரும் உயிரிழந்தார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை.

என்னதான் நடந்தது? பின்னாளில் பல பேச்சுகள். எதிரி விமானம் என்று நினைத்துத் தாங்களே சுட்டோம் என்று ஒரு முன்னாள் வீரர்கூடப் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னார். எது எப்படி இருந்தாலும், கிளம்பி மூன்றரை மணி நேரத்துக்கு மேல் அவர் ஏன் வானத்திலேயே இருந்தார் என்பதுதான் அடிப்படைக் கேள்வி. அதை யோசித்துப் பார்ப்பது கஷ்டம் இல்லை. ரேடியோ கிடையாது. மேகத்துக்கு மேலே ஏறினால் பிரகாசமான வானம் இருக்கும், கீழே வெள்ளைக் கம்பளம் மட்டும்தான். எந்த ஊர் மேல் இருக்கிறோம் என்பதைச் சொல்ல ஆறும் இல்லை, ரயில் பாதையும் இல்லை. பக்கவாட்டில் 50 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் ஒரு மணி நேரத்தில் 50 கி.மீ. ஓரமாகத் தள்ளிவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தள்ளுவதே தெரியாது. மேகத்தில் ஓர் ஓட்டை தேடித் தேடி அலைந்து, பெட்ரோலும் தீர்ந்துவந்தால், குதிப்பதைத் தவிர வழியில்லை. கீழே நிலம் இருக்கும் என்று நம்பித்தான் குதித்திருப்பார்.

உங்க டிக்கெட்டில் இருக்கும் எண்

இப்ப உங்க சென்னை - பெங்களூரு டிக்கெட்டுக்கு வருவோம். நேர்தூரம் சுமார் 270 கி.மீ. வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம்கூட இருக்காது. ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் போட்டிருப்பாங்க. ஏமாற்று வேலை இல்லைங்க. விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர ஆரம்பிக்கும் நிமிஷத்திலிருந்து, அங்கே போய் நிற்கும் நிமிஷம் வரை உள்ள கணக்கு அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க அனுமதிக்காகச் சுற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். லண்டன் போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது அதைவிடக் குறைவான நேரம் காட்டுதே, ஏன்? உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலமான காற்று வரும்போது தள்ளிவிடும், போகும்போது தடுக்கும். அதே தூரம்தான்.

எமிக்கு இல்லாத எல்லாமும் உங்க விமானிக்கு இருக்கு. மேகத்துக்குள்ளும் இடத்தைச் சொல்லும் செயற்கைக்கோள், தரையிலிருந்து வழிகாட்டும் ரேடியோ, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் முன்பே அதை நோக்கி இறக்கிக் கொண்டுவரும் கருவி. இதோடு இன்னொரு விதியும் உண்டு. போகிற ஊருக்கு மட்டும் எரிபொருள் ஏற்றினால் போதாது. அங்கே இறங்க முடியாவிட்டால் இன்னோர் ஊருக்குப் போகவும், அதற்கு மேல் அரை மணி நேரம் சுற்றவும் தேவையான அளவு இருக்கணும். மார்கழிப் பனியில் பெங்களூருவில் இறங்க முடியாமல் விமானம் சென்னைக்குத் திரும்பி வந்தது என்று செய்தி படிக்கிறோமே, அது இந்த விதியின் புண்ணியம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, எரிச்சல் மட்டும்தான்.

இந்த விதிகள் எமி ஒருவரால் வந்தவை என்று சொல்ல முடியாது. அவரைப் போல வானத்தில் வழி தெரியாமல் அலைந்த எத்தனையோ பேரின் அனுபவம் சேர்ந்துதான் அவை உருவாயின. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்த ஜேசன் விமானத்தை இன்றைக்கும் பார்க்கலாம். அவர் பிறந்த ஹல் நகரத்திலும், மறைந்த ஹெர்ன் பே கரையிலும் 2016-ல் சிலைகள் வைத்தார்கள். கல்லறை மட்டும் கிடையாது. உடல் கிடைக்காத விமானப் படையினருக்காக ரன்னிமீடில் எழுப்பிய நினைவிடத்தில் பெயர் இருக்கிறது.

அடுத்த முறை ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும்போது, அங்கே மூடுபனி, விமானம் தாமதம் என்று அறிவிப்பு வந்தால் கோபம் வரத்தான் செய்யும். வரட்டும். ஒரு காபி வாங்கிக்கோங்க. 240 கி.மீ.தானே, ஒரு மணி நேரம்தானே என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிய எமியை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. அன்றைக்கு அவரைத் தடுத்து உட்கார வைக்க இப்படி ஓர் அறிவிப்பு இல்லை.